புது வீட்டு டியூட்டி

லாரியின் தார்ப்பாயை அவிழ்ப்பதற்கு முன்பே ஐந்து பெண்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். வெளிர்நீலச் சட்டை, கருநீலப் பாவாடை, கழுத்தில் ஸ்கார்ஃப்; சாரணர் சீருடை. அவர்களில் உயரமானவள் விசிலை ஒரு தடவை ஊத, மற்ற நால்வரும் வரிசையானார்கள். மூன்று விரலை நெற்றியில் வைத்து அப்பாவுக்கு ஒரு சல்யூட். அவருக்குப் பின்னால் நின்ற சின்ன மகள் ஐவி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். ஆண்கள் என்றால் சாமான்களை இறக்கி வராந்தாவில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பெண்கள் உள்ளே வருவார்கள். வந்தால், அம்மா எங்கே என்று கேட்பார்கள்.

"வணக்கம் அங்கிள். நாங்க கைட்ஸ். என் பேரு ஜலஜா, பேட்ரோல் லீடர். இந்த மாசம் புது வீட்டு டியூட்டி எங்க மல்லிகை பேட்ரோலுக்கு" என்றாள் உயரமானவள்.

அப்பாவுக்கு விளங்கவில்லை. எபனேசர் என்று தன் பெயர் எழுதிய டிரங்குப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "யாரும்மா உங்கள அனுப்புனது? யூனியனா?" என்றார்.

"யாரும் அனுப்பல அங்கிள். லாரி வந்தா நாங்க வருவோம்."

திருச்சி ஃபேக்டரியிலிருந்து சிகந்திராபாத் பக்கம் மாற்றல் வாங்கி வந்திருந்தார்கள். பாலாநகரைத் தாண்டி, குகட்பள்ளிப் பாறைகளுக்கு முன்னால், ஒரே அச்சில் வார்த்த மாதிரி மஞ்சள் குவார்ட்டர்ஸ்கள். டெலங்கானா கலாட்டா எல்லாம் ஓய்ந்து, பள்ளிக்கூடங்கள் ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த வருஷம் அது. மாதத்துக்கு ஓரிரு லாரி எப்படியும் வந்துகொண்டிருந்தது. வருகிறவர்களுக்குத் தெலுங்கு தெரியாது, தண்ணீர் எப்போது வரும் தெரியாது. ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்றும் தெரியாது. அதற்காகத்தான் இந்தப் பெண்கள். எறும்பு மாதிரி வேலை செய்தார்கள். கட்டில் சட்டத்தைக் கயிற்றால் கட்டி, மூன்று பேர் தோளில் ஏற்றி, சுவரில் கீறல் விழாமல் திருப்பி உள்ளே கொண்டுபோனார்கள். அப்பா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தபோது, குள்ளமாக, கன்னம் உப்பிய ஒருத்தி கையை ஆட்டினாள்.

"நக்கோ அங்கிள், எதுவும் வேணாம். சாய் நக்கோ, பிஸ்கட் நக்கோ. டியூட்டில தண்ணி மட்டும்தான் குடிக்கலாம். வேற எதையாவது வாங்கினா கேப்டன் தோலை உரிச்சுடுவாங்க. தண்ணி எங்க இருக்கு, நானே எடுத்துக்குறேன்."

அவள்தான் சாரா. சொல்லிக்கொண்டே உள்ளறைக் கதவை நோக்கி நடந்தாள். ஐவி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"கைக்கு? ஏன், உள்ள என்ன, பூதமா?"

"அம்மாவுக்குத் தலைவலி" என்றார் அப்பா, தேவைக்கு அதிகமான சத்தத்தில். "ரயில்ல வந்த அசதி."

உள்ளே, சுருட்டிய மெத்தைமேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். முந்தின இரவு காஜிப்பேட்டைக்குச் சற்று முன்னால், கீழ்ப் படுக்கையில் கை கால் வெட்டி இழுத்து அவளுக்கு வந்துவிட்டது. பல் பட்டு உதடு வீங்கியிருந்தது. ரயில் பெட்டியில் விளக்கு அணைத்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்த மாற்றலே. திருச்சிக் காலனியில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். குழாயடியில் பார்த்தார்கள், கிறிஸ்துமஸ் ஆராதனையில் நடுப்பாட்டில் பார்த்தார்கள். மேபல் அக்காவைப் பெண் கேட்டு வந்த இரண்டு வீட்டார் அதற்குப் பிறகு பேச்சைத் தொடரவில்லை. ஒரு வீட்டார் மரியாதையாக, ஜாதகம் பார்க்கிறவர்கள் இல்லை நாங்கள், ஆனாலும் ரத்தம் என்று ஒன்று இருக்கிறதே என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா அந்த வாரமே மனுப் போட்டார்.

டியூட்டி ஒரு வாரம் நடந்தது. தினம் ஒருத்தி வந்து ஐவியைக் கூட்டிக்கொண்டு போனாள். விடியுமுன் திறந்து மூடிவிடும் பால் பூத், கீரைக்காரியிடம் தெலுங்கில் என்ன சொன்னால் கட்டுப் பெரிதாகக் கிடைக்கும், சிகந்திராபாத் தமிழ்ச் சர்ச்சுக்கு எந்த பஸ், அதில் எந்தக் கண்டக்டர் சில்லறைக்குக் கத்துவான் என்று ஒரு வாரத்தில் காலனி முழுவதையும் அவள் கையில் தூக்கிக் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை சாரா வாசலில் நின்று, "வா, டைம் ஆச்சு" என்றாள். சேர்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. லாரியில் வந்த வீட்டுப் பெண் அடுத்த லாரியை இறக்கப் போவாள்; காலனியில் அது அப்படித்தான் நடந்துவந்தது.

ஐவிக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கயிற்றில் முடிச்சுப் போடப் போட விரல்கள் தாமாக வழி கண்டுபிடித்தன. கொடி ஏறும்போது மூன்று விரலும் மற்றவர்களுக்கு முன்பே நெற்றிக்குப் போயின. ஆனால் மைதானத்தில் நிற்கிற நேரம் முழுக்க, வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ என்ற ஒரு எலி நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு வருவதை முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள் மெல்ல மடங்கும். அதைப் பார்த்துவிட்டால் அடுப்பிலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ இழுத்துப் படுக்கவைக்க நேரம் கிடைக்கும். அதனால் அவள் யாரோடு பேசினாலும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் சாரா ஒருநாள் அவள் இடுப்பைக் கிள்ளினாள். "உன் அக்கா சர்ச்ல பாடுனப்போ எங்கம்மா பாட்டுப் புஸ்தகத்தையே பாக்கல, தெரியுமா? உங்க அக்காவையேதான். எங்க ஜேம்ஸ் அண்ணாவுக்குப் பாக்குறாங்க. உங்க அக்கா என்ன, கோவக்காரியா?"

"இல்ல."

"அப்ப சரிதான். அண்ணா ரயில்வே ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். கோவக்காரி வந்தா செத்தான்."

சாரா குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே. தாத்தா காலத்தில் லோத்குண்டாவில் ராணுவ நிலத்தை ஒட்டிக் குடியிருந்து, அவள் அப்பா யேசுதாஸுக்கு ஃபேக்டரி ஸ்டோரில் வேலை கிடைத்ததும் காலனிக்கு வந்தவர்கள். போதகர் மூலமாக முறையாகச் சொல்லி அனுப்பினார்கள். ஞாயிறு மதியம் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

அன்றிலிருந்து வீட்டுக்குள் காற்றே ஓடவில்லை. அப்பா தாழ்ந்த குரலில் திட்டம் சொன்னார். அம்மா ஜெயசுந்தரி வெளியே வந்து ஒரு வணக்கம் சொல்ல வேண்டியது. பிறகு தலைவலி என்று உள்ளே போய்விட வேண்டியது. ஐவி பக்கத்திலேயே நிற்க வேண்டியது. "கல்யாணம் நல்லபடியா முடியட்டும் ஜெயா. அதுக்கப்புறம் மெதுவா சொல்லிக்கிடலாம்."

"அதுவரைக்கும் நான் எங்கன கெடக்கணும்? பரண்மேலயா?" என்றாள் அம்மா. "கல்யாணத்தன்னைக்குக் கொட்டுச் சத்தத்துல வந்துட்டா? தலைவலி துள்ளுதுன்னு சொல்லுவியளோ?"

சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த மேபல் அக்கா ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை முதலுதவி வகுப்பு. கேப்டன் டீச்சர் தொப்பிக்குள் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். சீட்டில் வந்த நோயாளியாக ஒருத்தி நடிக்க வேண்டும். மற்றவர்கள் சரியாகக் கவனிக்க வேண்டும். ஒருத்திக்குப் பாம்புக்கடி, ஒருத்திக்கு எலும்பு முறிவு. சிரிப்பும் கூச்சலுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஐவி தன் சீட்டைப் பிரித்தாள். வலிப்பு.

காகிதத்தை மடித்து மறுபடி தொப்பிக்குள் போட முடியுமா என்று அவள் பார்த்தாள். முடியாது, சாரா தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டாள்.

"ஃபிட்ஸா! ஏய், இது ஈஸி பா. இப்பிடிப் பண்ணு." சாரா நாக்கை வெளியே தள்ளி, கண்ணை மேலே உருட்டி, இரண்டு கையையும் கோழி மாதிரி அடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். "யாராவது சாவிக்கொத்து குடுங்கடீ! ஹூ... ஹூ... இரும்பு குடுங்கடீ!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேப்டன் டீச்சர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். ஐவியும் அப்படியே செய்திருக்கலாம். நாக்கை நீட்டி நாலு உதறு உதறி எழுந்திருந்தால் கைதட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு அவள் காதுக்குள் சுண்ணாம்பு மாதிரி எரிந்தது. இது இல்லை, இது இல்லவே இல்லை என்று ஏதோ அவளை முதுகில் பிடித்துத் தள்ளியது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வலது கைக் கட்டைவிரல் மெல்ல உள்ளே மடங்கியது. தலை இடப்பக்கம் திரும்பியது, தோளுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, கூப்பாடும் இல்லை, மூச்சுக்குள் அகப்பட்ட சத்தம். பிறகு அவள் விழுந்தாள். புல்லில் கால்கள் விறைத்தன, அதிர்ந்தன, விட்டு விட்டு அதிர்ந்தன, ஓய்ந்தன. வாயோரம் எச்சில் வடிந்தது. அப்புறம் அந்த நீண்ட மூச்சு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பின்னால் நகர்ந்திருந்தார்கள். ஐவி கண்ணைத் திறந்தாள். எந்த ஊர், எந்த வீடு என்று தெரியாத கண்ணால் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை இடுப்புக்குக் கொண்டுபோய், அங்கே இல்லாத முந்தானையைத் தேடி எடுத்து, மார்புக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு முழங்காலுக்குக் கீழே, இல்லாத சேலையைக் கணுக்கால் வரை இழுத்து மூடினாள்.

அதைச் செய்து முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, தான் என்ன செய்தோம் என்று.

"சாலு, சாலு" என்றார் கேப்டன் டீச்சர் தெலுங்கில், மிக மெதுவாக. போதும், எழுந்திரு.

முதலில் கை தட்டியது ஜலஜாதான். "சூப்பரா நடிச்சே ஐவி!" என்று தேவையில்லாத சத்தத்தில் சொல்லி, மற்றவர்களையும் தட்டவைத்தாள். குனிந்து தூக்கிவிடும்போது ஐவியின் முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். ரொம்ப நேரம் தட்டினாள். சாரா மட்டும் கை தட்டவில்லை.

வகுப்பு முடிந்து திரும்பும்போது சாரா முன்னால் வேகமாகப் போனாள். ஐவி தண்ணீர்த் தொட்டி வரைக்கும் பின்னாலேயே ஓடினாள்.

"சாரா. நில்லேன்."

சாரா நின்றாள். திரும்பவில்லை. "யாருக்கு?"

"என்ன யாருக்கு?"

"நக்கோ, ஐவி. பொய் நக்கோ. சேலை கட்டுறவங்க யாருக்கோ." இப்போது திரும்பினாள். கன்னம் உப்பிய அந்த முகத்தில் சிரிப்பே இல்லாமல் அவள் யாரோ பெரிய மனுஷி மாதிரி இருந்தாள். "உங்க அக்காவுக்கா?"

ஐவிக்கு மண்டைக்குள் மணி அடித்தது. இல்லை என்று மட்டும் சொன்னால் சாரா நம்பமாட்டாள். யாருக்குமே இல்லை என்றாலும் நம்பமாட்டாள். அக்காவுக்குத்தான் என்று வீட்டில் போய்ச் சொல்வாள். நாளைக்கு யாரும் வரமாட்டார்கள். அதன்பிறகு இந்த ஊரிலும், இந்தச் சர்ச்சிலும், மேபலைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் பார்ப்பார்கள். அப்பாவின் முகம் வந்தது. ரயில் பெட்டியில் அம்மாவின் மேல் தன் சட்டையைக் கழற்றிப் போட்டு மூடிய அப்பா.

"அக்காவுக்கு இல்ல. சத்தியமா இல்ல. அம்மாவுக்கு."

ஒரு சைக்கிள் போனது. அதற்கு வழிவிட்டு சாரா ஐவியின் பக்கம் ஒதுங்கினாள்.

"அதான் நாங்க சாமான் இறக்க வந்தன்னைக்கு..."

"ஹவ்" என்றாள் ஐவி. ஆமாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் அந்தச் சொல் எப்போது தன் வாயில் ஏறியது என்று தெரியவில்லை.

"நான் வேற பூதமான்னு கேட்டேன்."

"வீட்ல சொல்லிடுவியா?"

சாரா ஸ்கார்ஃபின் நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். "தெரியல. என் அண்ணா பா அவன். சொல்லாம எப்பிடி இருக்கிறது? சொல்லிட்டு எப்பிடி நாளைக்கு உன் மூஞ்சில முழிக்கிறது? ஏன் பா நீ அப்பிடிச் செஞ்சே? நான் செஞ்ச மாதிரிச் செஞ்சிருக்கலாம்ல?" அவள் குரல் உடைந்தது. பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டாள்.

அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்ட். மேபல் அக்கா குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையில் நாளைக்கு முறுக்கு சுற்ற மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஐவி நிலைப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். முதலில் அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். தொப்பி, சீட்டு என்று ஆரம்பிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. சாரா கேட்டதும், தான் சொன்னதும் வரை சொல்லி முடித்தபோது அம்மாவின் கை மாவுக்குள் அசையாமல் இருந்தது. ஐவி பழக்கத்தில் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். மடங்கவில்லை.

"அடிங்கம்மா. அப்பாகிட்ட சொல்லி என்னை அடிக்கச் சொல்லுங்க."

அம்மா கையைக் கழுவினாள். ஸ்டவ்வின் திரியை இறக்கினாள். "செஞ்சு காட்டு" என்றாள்.

"என்ன?"

"அங்க செஞ்சியே. அத இங்கன செஞ்சு காட்டு."

"அய்யோ, முடியாதும்மா."

"ஏட்டி, முப்பது வருஷமா எனக்கு வருது. எங்க ஊர் பாத்துருக்கு, திருச்சில காலனியே பாத்துருக்கு, உங்கப்பா பாத்துருக்காவ, நீ பாத்துருக்க. நான்தான் பாக்கல. கேட்டா உங்கப்பா ஒண்ணுமில்லன்னு சொல்லுதாவ. ஒண்ணுமில்லாததுக்கா ஊரு விட்டு ஊரு ஓடி வந்தோம்? செய்யி."

அரிசி டின்னுக்கும் அம்மிக்கும் நடுவில் இருந்த கொஞ்சம் இடத்தில் ஐவி செய்தாள். மைதானத்தில் தானாக வந்தது, இங்கே கையும் காலும் கூசின. ஒவ்வொன்றாக, மெதுவாக, ஒரு முடிச்சைப் பிரித்துக் காட்டுவது மாதிரிச் செய்தாள். அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, சிமிட்டாமல் பார்த்தாள். கடைசியில் ஐவி இல்லாத முந்தானையை இழுத்தபோது அம்மாவின் கையும் தன் முந்தானைக்குப் போயிற்று.

"அந்தச் சத்தம் நானா போடுதேன்?"

"ஆமா."

"இவ்வளவுதானா?" என்றாள் அம்மா. பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல, "கண்ணு முழிச்ச உடனே சேலையைத்தான் தேடுதா. பாவம்" என்றாள்.

எழுந்தாள். கண்ணாடி இல்லாமலே தலையைக் கோதிக் கொண்டை போட்டுக்கொண்டாள். "அந்தப் பிள்ள வீடு எங்கன இருக்கு?"

"அப்பா வரட்டும்மா."

"உங்கப்பா வந்தா தலைவலின்னு சொல்லுவாவ. நட."

குளியலறைக் கதவு திறந்தது. மேபல் அக்கா தலையில் துண்டோடு நின்றாள். எவ்வளவு கேட்டிருந்தாளோ. அம்மா அவளைப் பார்த்தாள். அவளும் அம்மாவைப் பார்த்தாள். ஐவி, அக்கா இப்போது வாசலை மறித்துக்கொள்வாள் என்று நினைத்தாள். மறித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். மேபல் குனிந்து, சுவரோரம் வைத்த வைப்பிலேயே தூசி படிந்து கிடந்த அம்மாவின் செருப்பைத் தட்டி, வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

காலனிக்கு வந்தபிறகு அம்மா பகல் வெளிச்சத்தில் இந்தத் தெருவில் நடப்பது அதுதான் முதல் தடவை. சர்ச்சுக்கே அவள் வந்ததில்லை. ஐவி வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனாள். இரண்டடி போய் நின்று அம்மாவின் கையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி இரண்டடி. "என் கையையே பாக்காத. ரோட்டைப் பாத்து நட" என்று அம்மா அதட்டினாள். பிறகு, "இங்கன இவ்வளவு வேப்பமரம் இருக்கா? ஒருத்தரும் சொல்லலியே" என்றாள். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் பந்தை நிறுத்திவைத்து வழிவிட்டார்கள். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு தெலுங்குக்காரி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்; அம்மா பதிலுக்குச் சிரிப்பதா என்று தெரியாமல் கும்பிட்டாள். இப்போது வந்துவிட்டால், இந்தத் தாரில், இவர்கள் எல்லோருக்கும் நடுவில் என்று ஐவியின் நெஞ்சுக்குள் அந்த எலி தலைதெறிக்க ஓடியது. திரும்பிவிடலாம் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தபோது சாராவின் வீடு வந்துவிட்டது.

சாரா கேட்டுக்கு உள்ளே, படியில் உட்கார்ந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். சொல்லிவிட்டாளா இல்லையா என்று அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை; அழுத தடம் இருந்தது, அவ்வளவுதான். அவள் ஐவியின் அம்மாவைப் பார்த்தாள், அந்த அம்மாவின் கையைப் பார்த்தாள், உள்பக்கம் திரும்பி, "அம்மா" என்று கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

பக்கவாட்டிலிருந்து சாராவின் அம்மா வந்தாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. அவளுக்குப் பின்னால் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை, நாளைக்கு ஜேம்ஸ் போடப்போவது, நீலம் தோய்த்துப் பிழியாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் மேபலோட அம்மா" என்றாள் ஜெயசுந்தரி. கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "நாளைக்கு எங்க வீட்டுக்குப் பாக்க வாரியள்லா? அதுக்கு முன்னால என்னை ஒரு தடவை பாத்துருங்கன்னு வந்தேன்."

சாராவின் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். கொடியில் அந்தச் சட்டையின் இரண்டு கைகளிலிருந்தும் தண்ணீர் மாறி மாறிச் சொட்டி, கீழே சிமெண்டில் வெளிர்நீலமாகப் பரவி, கேட்டை நோக்கி மெல்ல ஓடி வந்துகொண்டிருந்தது.